மழை எண்ணும் பெட்டியும் பாதியில் ஊமையான சைரனும்

செய்தித்தாள்களில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எழுதிக் கழித்தவனுக்கு சொல்டரிங் அயனோடு என்ன உறவு என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். உறவு பழையது. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுக்கமாக இருந்த காலத்தில், ஒரு டிரான்சிஸ்டர் வேண்டுமென்றால் உயிர் போன வேறொரு வானொலிப் பெட்டியைத் திறந்து அதிலிருந்து கழற்றி எடுப்பதே வழி. 1977இல் சந்தை திறந்துவிடப்படும் வரை கண்டியில் வானொலி திருத்தியவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் பிரேத பரிசோதனைக்காரர்களாகவே இருந்தார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1920களில் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தில் எட்வர்ட் ஹாப்பர் என்ற பொறியியலாளர் நடத்திய முதல் ஒலிபரப்புப் பரீட்சைகளுக்கான கருவியே, பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கி ஒன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு ஒட்டிக் கட்டப்பட்டதுதான். இந்நாட்டு வானொலியின் பிறப்பே பழைய சாமானில்.

எனக்கு இந்த வித்தையைக் கற்றுத்தந்தவர் கண்டி நகரில் ஒரு மாடிப்படியின் கீழே கடை வைத்திருந்த முதியவர். மீற்றரைத் தொடுவதற்கு முன் பெட்டியை முகர்ந்து பார்ப்பார். கருகிய தடையிக்கு ஒரு மணம், வெந்துபோன மின்மாற்றிக்கு வேறொரு மணம். பிறகு கண், பிறகு புறங்கை, எது சுடுகிறது என்று பார்க்க. அதற்குப் பிறகுதான் மீற்றர். 230 வோல்ட் மெயின்ஸில் ஓடும் எந்தப் பழுதுபட்ட பெட்டியையும் நேரடியாகச் சொருக மாட்டார். 60 வாட் இழைக் குமிழ் ஒன்றைத் தொடராக இணைத்து அதன் வழியே மின்சாரம் கொடுப்பார். உள்ளே எங்காவது குறுக்குச் சுற்று இருந்தால் பெட்டி எரியாது, குமிழ் எரியும். குமிழ் மங்கலாக மின்னி அடங்கினால் மேற்கொண்டு போகலாம். இழைக் குமிழ்கள் அருகிவரும் இந்நாளில், கடையில் கண்டால் இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எல்.ஈ.டி. குமிழ் இந்த வேலைக்கு உதவாது.

இவ்வளவும் முன்னுரை. சொல்ல வந்தது வேறு.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்நாட்டைக் கடந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மலைகள் இறங்கியதை உலகத் தமிழர் அனைவரும் படங்களில் பார்த்திருப்பீர்கள். மின்சாரம் போயிற்று. பல இடங்களில் கைத்தொலைபேசிக் கோபுரங்களும் மௌனமாகின. எச்சரிக்கை வெளியாகியும் அது போய்ச் சேராத இடங்கள் இருந்தன. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் வரிசைகள் மண்ணுக்குள் போன செய்தியை எழுதியவர்களில் நானும் ஒருவன். அங்கேயும் அபாயம் முன்பே சொல்லப்பட்டிருந்தது. சொல்லப்பட்டதற்கும் கேட்கப்பட்டதற்கும் இடையில் இருந்த தூரம்தான் ஆட்களைத் தின்றது.

டித்வாவுக்குப் பிறகு கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து மூன்று பேர் என்னிடம் வந்தார்கள். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் படிக்கும் ஒரு பெண்பிள்ளை, கைத்தொலைபேசி திருத்தும் கடையில் வேலை செய்யும் அவளது அண்ணன், அவர்களுடைய மாமா. தங்கள் லயனுக்கு மேலே உள்ள சரிவுக்காக ஒரு மழை எச்சரிக்கைப் பெட்டி செய்திருந்தார்கள். எண்ணம் எளிமையானது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்குச் சில மழையளவுகளை வகுத்து வைத்திருக்கிறது: 24 மணி நேரத்தில் 75 மி.மீ. தாண்டினால் விழிப்பு, 100 மி.மீ. தாண்டினால் புறப்பட ஆயத்தம், 150 மி.மீ. தாண்டினாலோ ஒரே மணி நேரத்தில் 75 மி.மீ. கொட்டினாலோ வெளியேறுதல். கூரையில் மழையை எண்ணும் ஒரு கருவி, கீழே ஆர்டுயினோ, அதற்குக் கீழே ஒரு சைரன். இணையம் வேண்டாம், கோபுரம் வேண்டாம்.

"ஐயா, மேசையில வச்சா நல்லா வேலை செய்யுது. கூரையில ஏத்தினா பைத்தியம் புடிச்ச மாதிரி எண்ணுது" என்றான் அண்ணன்.

சித்திரை மாதத்து மாலை இடிமழையில் இரண்டு இரவுகள் சைரன் ஊதியிருக்கிறது. பதினொரு குடும்பங்கள் குழந்தைகளையும் கிழவிகளையும் தூக்கிக்கொண்டு பாடசாலை மண்டபத்துக்கு ஓடியிருக்கின்றன. மலை அசையவில்லை. விடிந்ததும் மாமாவுக்கு ஏச்சு. மூன்றாம் தடவை ஊதினால் எத்தனை பேர் எழும்புவார்கள் என்பதே அவர்கள் என்னிடம் கொண்டுவந்த கேள்வி. பழுது சிறியது. விலை பெரியது.

பெண்பிள்ளையிடம் நான் முதலில் கேட்டது, நிருபர்களிடம் ஆசிரிய பீடத்தில் கேட்கும் கேள்விதான்: "இது நீ கண்டதா, நினைப்பதா?" பெட்டி கூடுதலாக எண்ணுகிறது என்றால் எவ்வளவு கூடுதல்? அவளுக்குத் தெரியவில்லை. ஆகவே அன்றைக்கு ஒரு திருகாணியையும் தொடவில்லை. அளந்தோம்.

அவர்களுடைய கருவி சாய்வாளி வகை. புனலில் விழும் நீர் ஒரு சிறு தராசு வாளியின் ஒரு பக்கத்தில் நிறையும். நிறைந்ததும் வாளி மறுபக்கம் கவிழும். கவிழும்போது அதில் ஒட்டிய காந்தம் ஒரு ரீட் ஆளியைக் கடந்து போய் ஒரு துடிப்பைக் கொடுக்கும். புனலின் விட்டம் 20 சென்ரிமீற்றர். அப்படியென்றால் வாயின் பரப்பு 314 சதுர சென்ரிமீற்றர், 1 மி.மீ. மழை என்பது 31.4 மில்லிலீற்றர் நீர். வாளியின் ஒரு கவிழ்ப்பு அரை மி.மீ. என்று அமைத்திருந்தார்கள், அதாவது 15.7 மில்லிலீற்றர். ஆகவே 628 மில்லிலீற்றர் நீரை அடியில் ஊசித்துளை போட்ட ஒரு போத்தலில் ஊற்றி, அரை மணி நேரம் சொட்டவிட்டால் 40 என்று எண்ண வேண்டும். பெட்டி 97 என்றது.

இந்த ஒரு எண் கிடைத்தபின் எல்லாமே தெளிவாயிற்று. 97 என்பது 40இன் இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவு. பெட்டி 75 மி.மீ. என்று அலறும்போது உண்மையில் பெய்திருப்பது ஏறக்குறைய 31 மி.மீ. கண்டியில் அது ஒரு சாதாரண பின்னேர மழை.

காரணம் இத்துறையில் இறங்குவோர் எல்லோரும் ஒருநாள் சந்திப்பதுதான். ஆளி மூடும்போது ஒரேயடியாக மூடாது. உலோக நாக்குகள் துள்ளும். மூடித் திறந்து மூடும். நம் கண்ணுக்கு அது ஒரு தட்டு. ஆர்டுயினோவுக்கு அது இரண்டு மூன்று தட்டு. வாளியும் தன் பங்குக்குக் கவிழ்ந்தவுடன் ஒருமுறை ஆடும். மருந்து மென்பொருளில் இருக்கிறது: ஒரு துடிப்பு வந்தபின் அரைச் செக்கனுக்கு வேறெந்தத் துடிப்பையும் ஏற்காதே என்று எழுதுவது. அப்படிச் செய்தால் கடும் மழையில் உண்மைத் துடிப்புகள் தவறிவிடாதா என்று பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி, கணக்குப் போடச் சொன்னேன். மணிக்கு 75 மி.மீ. என்றால் 150 கவிழ்ப்புகள், 24 செக்கனுக்கு ஒன்று. அரைச் செக்கன் ஒரு பொருட்டே அல்ல. மறுபடி 628 மில்லிலீற்றர். 40.

அண்ணன் கிளம்ப ஆயத்தமானான். நான் உட்காரச் சொன்னேன். மேசையில் நாற்பது வந்தால் கூரையிலும் நாற்பது வரும் என்பதற்கு யார் சாட்சி? அங்கே கூரையிலிருந்து அறைக்குப் பதினைந்து மீற்றர் வயர். ஆளி திறந்திருக்கும்போது அந்த வயரின் மறுமுனை, ஆர்டுயினோவின் உள்ளே இருக்கும் பல்லாயிரம் ஓம் தடையி ஒன்றில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அவ்வளவு மெலிதாகப் பிடித்த வயர் ஓர் அலைவாங்கி. பக்கத்து மின்கம்பி, மின்னல் எல்லாமே அதில் தொற்றும். சித்திரை இடிமழையில் பெட்டி மழையை மட்டும் எண்ணவில்லை, மின்னலையும் எண்ணியது.

இதைச் சோதிக்க இடிமழைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சமையலறையில் காஸ் அடுப்புக்குப் பொறி தட்டும் லைற்றர் இருக்கிறதல்லவா, அதை வயருக்கு அருகே கொண்டுபோய்த் தட்டினோம். ஒரு சொட்டு நீர் இல்லாமல் எண்ணிக்கை ஏறியது! பிள்ளையின் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டும். பழுது என்பது நமக்கு வேண்டும்போது வராதவரை பேய்; கூப்பிட்டவுடன் வந்துவிட்டால் வேலையாள்.

பரிகாரம் மலிவு. 5 வோல்ட்டிலிருந்து வயருக்கு வெளியே 4.7 கிலோ ஓம் தடையி ஒன்று. உள்நுழையும் முனையில் தொடராக 1 கிலோ ஓம். பாடநூல் கொள்ளளவி என்றும் கடைக்காரர் கப்பாசிட்டர் என்றும் சொல்லும் 0.1 மைக்ரோ பரட் ஒன்று நிலத்துக்கு. தனித்தனியாக ஓடிய இரண்டு வயர்களையும் முறுக்கிவிட்டோம். ஒவ்வொன்றாகச் செய்தோம், ஒவ்வொன்றுக்கும் பின் லைற்றரைத் தட்டினோம், கொப்பியில் எழுதினோம். இது முக்கியம். மூன்று மாற்றங்களை ஒன்றாகச் செய்து பழுது போய்விட்டால் எது மருந்து என்று தெரியாது. அடுத்த மாதம் பழுது திரும்பி வந்தால் மறுபடி மூன்றிலும் தடுமாறுவீர்கள். மின்னல் கூரையிலேயே விழுந்தால் இந்தத் தடையிகளால் ஆவது ஒன்றுமில்லை என்பதையும் சொல்லி வைத்தேன்.

இனித்தான் அந்த வீட்டார் பழுதென்றே நினைக்காத பழுது.

"ரெண்டாவது ராத்திரி ஒரு மூணு செக்கன்தான் ஊதுச்சு, அப்புறம் யாரோ நிப்பாட்டிட்டாங்க" என்று மாமா பேச்சோடு பேச்சாகச் சொன்னார். யார் நிறுத்தினது? யாரும் இல்லை என்பது விசாரித்தபின் தெரிந்தது. பொய்யாக ஊதிய சைரனைப் பற்றி ஊரே பேசியது. பாதியில் நின்ற சைரனைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கோ முதுகு குளிர்ந்தது. உண்மையான இரவில் மூன்று செக்கன் ஊதி நின்றால், எழுந்து உட்கார்ந்தவனும் மறுபடி படுத்துவிடுவான்.

மேசையில் அவர்கள் சைரனுக்குப் பதிலாக ஓர் எல்.ஈ.டி.யை வைத்தே சோதித்திருந்தார்கள். அயலவரைத் தொல்லைப்படுத்தாத நல்ல குணம்தான், ஆனால் எல்.ஈ.டி. குடிப்பது சில மில்லி அம்பியர். மோட்டார் சைரன் புறப்படும் கணத்தில் பல அம்பியர். நான் பாதியாக வெட்டிப் பார்க்கும் முறையைப் பிடித்தேன். சைரனைக் கழற்றிவிட்டு ரிலேயை மட்டும் இருபது தடவை தட்டவிட்டோம். ஆர்டுயினோ அசையவில்லை. ஆகவே ரிலேச் சுருள் இப்போதைக்குக் குற்றவாளி அல்ல. ஆனாலும் அதன் குறுக்கே 1என்4007 டயோட் ஒன்றை, கோடு போட்ட முனை நேர்ப்பக்கம் இருக்கும்படி வைத்தோம். சுருள் விடுபடும்போது உதைக்கும் உதை என்றைக்காவது ஒருநாள் காட்டிவிடும்.

அடுத்தது பற்றரி. யாரோ கழித்த யூ.பி.எஸ். ஒன்றிலிருந்து எடுத்த 12 வோல்ட், 7 அம்பியர் மணிப் பற்றரி. மல்டிமீற்றரில் 12.6 வோல்ட். "புல்லா இருக்கு ஐயா" என்றான் அண்ணன். சுமையில்லாமல் நிற்கும் பற்றரி சொல்லும் வோல்ட், தேர்தலுக்கு முந்தைய வாக்குறுதி மாதிரி. முச்சக்கரவண்டியில் திரும்பும் பக்கத்தைக் காட்டும் 21 வாட் குமிழ் ஒன்றை அதில் பூட்டினோம். ஏறக்குறைய 1.75 அம்பியர். நல்ல பற்றரி இதைச் சட்டை செய்யாது. இது ஒரு நிமிடத்தில் 10 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது. பிறகு சைரனைப் பூட்டி, என் பழைய ஊசி மீற்றரை வைத்தோம். புதிய இலக்க மீற்றர்கள் செக்கனுக்கு ஓரிரு தடவைதான் பார்க்கும். அந்தக் கணத்துச் சரிவு அவற்றின் கண்ணில் படாது. ஊசி மீற்றரில் சைரன் புறப்பட்ட கணம் ஊசி பாதிக்குக் கீழே குதித்து எழுந்தது. ஆர்டுயினோவுக்கு 5 வோல்ட் கொடுக்கும் 7805க்கு நுழைவாயிலில் ஏறக்குறைய 7 வோல்ட்டாவது வேண்டும். அது கிடைக்காத கணத்தில் ஆர்டுயினோ மயங்கி, மறுபடி விழித்து, எல்லாவற்றையும் பூச்சியத்திலிருந்து தொடங்கியது. விழித்தவனுக்கு மழை பெய்ததே தெரியாது. ஆகவே சைரனுக்குக் கட்டளையும் இல்லை.

எச்சரிக்கை கொடுக்கும் செயலே எச்சரிக்கைக் கருவியை வீழ்த்துகிறது. பத்திரிகைத் தொழிலில் இதற்கு ஒப்பான சம்பவங்கள் எனக்குத் தெரியும். அதை வேறொரு நாள் எழுதுகிறேன்.

சைரனுக்குப் புதிய பற்றரி, தடித்த வயர். மூளைக்குத் தனியாகச் சிறிய மின்கலம். இரண்டின் நிலமும் ஒரே ஓர் இடத்தில் மட்டும் சந்திக்கும். எண்ணிக்கையை ஆர்டுயினோவின் அழியா நினைவகத்தில் ஒவ்வொரு கவிழ்ப்புக்கும் எழுதிவைத்தல். அந்த நினைவகம் ஒரு இலட்சம் தடவை எழுதத்தான் உத்தரவாதம், தேய்ந்துவிடாதா என்றான் அண்ணன். ஆண்டுக்கு 2,000 மி.மீ. மழை என்று கொள்ளுங்கள், 4,000 கவிழ்ப்பு. ஒரு இலட்சத்தை எட்ட இருபத்தைந்து ஆண்டு. அதற்குள் அந்த மக்களை அந்தச் சரிவின் அடியிலிருந்து எடுத்துப் பாதுகாப்பான நிலத்தில் வீடு கொடுத்துவிடுவார்கள் என்று நம்புவோம். (மீரியபெத்தை மக்களில் பலர் புதிய வீடுகளுக்குப் போக ஈராண்டு காத்திருந்ததை நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.)

மீதியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பிரெட்போர்டைக் கூரைக்கு அனுப்பாதீர்கள். மலைநாட்டு ஈரத்தில் அதன் கவ்விகள் சில மாதங்களில் பச்சை பிடிக்கும். துளையிட்ட பலகையில் சொல்டர் செய்யுங்கள். மினுங்காமல் உருண்டு நிற்கும் பற்றைச் சந்தேகியுங்கள், பென்சில் முனையால் மெதுவாக அசைத்துப் பாருங்கள். பற்றுகளின் மேல் நகப்பூச்சு ஒரு தடவை பூசினால் ஈரம் அண்டாது. வயர் பெட்டிக்குள் நுழையுமுன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், மழைநீர் அந்த வளைவில் சொட்டிப் போகும். பெட்டிக்குள் எறும்பும் பல்லியும் குடியேறும். துளைகளுக்கு வலை போடுங்கள்.

புனலுக்கும் வலை. சருகோ குளவிக் கூடோ புனலை அடைத்தால் பெட்டி மழையே இல்லை என்று சொல்லும். கூடுதலாக எண்ணும் பெட்டி ஏச்சு வாங்கித் தரும், யாராவது திருத்துவார்கள். எண்ணாத பெட்டியைப் பற்றி யாரும் முறைப்பாடு செய்வதில்லை. சாய்வாளிக்கு இன்னொரு குணமும் உண்டு: மழை கொட்டும்போது வாளி கவிழும் இடைவெளியில் விழும் நீர் கணக்கில் வராமல் போகும். மிக வேண்டிய நேரத்தில் சற்றுக் குறைத்தே சொல்லும் கருவி அது. போத்தலிலிருந்து விரைவாக ஊற்றி அந்தக் குறைவை அளந்து, சைரனின் எல்லையை அதற்கேற்பத் தாழ்த்தி வைத்தோம்.

இந்தப் பெட்டி மண்சரிவை அறியாது, மழையை மட்டுமே அறியும் என்பதை அந்த லயனில் எல்லோர் முன்னிலையிலும் மாமாவைச் சொல்லவைத்தேன். சுவரில் புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இறுகிப்போய்த் திறக்க மறுக்கும் கதவு, இவற்றில் எதைக் கண்டாலும் சைரனுக்குக் காத்திருக்கக் கூடாது. தொலைபேசி வேலை செய்தால் 117, செய்யாவிட்டால் கால்.

இப்போது கூரையில் சாய்வாளிக்குப் பக்கத்தில் அதே விட்டமுள்ள இன்னொரு புனல், அடியில் வெறும் பிளாஸ்ரிக் போத்தலோடு நிற்கிறது. அதில் ஆளியும் இல்லை, காந்தமும் இல்லை. வானிலைத் திணைக்களம் நாள் மழையைக் கணக்கிடும் அதே காலை 8.30க்குப் பிள்ளை போத்தலை அளந்து, பெட்டியின் எண்ணையும் பக்கத்தில் எழுதுகிறாள். இரண்டுக்கும் பத்துக்கு ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் அண்ணன் கூரையில் ஏற வேண்டும். பாடசாலை நாட்களில் அந்த நேரத்துக்கு அவள் வீட்டில் இருக்க மாட்டாள். அன்றைக்கெல்லாம் மாமாவின் முறை. கொப்பியில் அவர் எழுத்து கொஞ்சம் கோணல், கணக்கு இதுவரை சரி.